பன்னிரண்டு மணி வண்டி

தான்சானியாவில் தார் எஸ் சலாமிலிருந்து ம்பேயா போவதற்கு முதன்முதலாக எடுத்த டிக்கெட்டில் 12:00 என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தது. அரை மணி முன்னால் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நானும் சமத்தாகப் பகல் பதினொன்றே காலுக்கே இரண்டு சாக்கு மூட்டைகளோடு உபுங்கோ பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வண்டி போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி, இரண்டு மணி. காலை ஆறு மணியை 'ஸா கூமி நா ம்பிலி அஸுபுஹி' என்பார்கள். அதாவது காலைப் பன்னிரண்டு மணி. நிலநடுக்கோட்டை ஒட்டிய தேசம் என்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு எழுந்து ஒரே நேரத்துக்குப் படுக்கிறது, கணக்கு உதைக்காது. யோசித்தால் நமக்கும் இது புதிதில்லை. என் தாத்தா ஜாதகம் எழுத உட்கார்ந்தால் 'உதயாதி நாழிகை' என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் அன்றைக்கு உபுங்கோ வெயிலில் தாத்தா ஞாபகம் வரவில்லை. டிக்கெட் காசுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு வேலை போர் போடும் கம்பெனியில். ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம் என்று சொன்னால் அப்புறம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ரிக் வண்டியும் ஆட்களும் ஆப்பிரிக்காவில் பல தேசங்களில் இருக்கிறார்கள். 2017-லிருந்து இரண்டரை வருஷம் தான்சானியாவில் இருந்தேன். பேருக்குக் கணக்கு எழுதுபவன். நிஜத்தில் ஸ்பேர் தூக்குபவன். ரிக் ம்பேயா பக்கம் நிற்கும். பாறையைக் குடைந்து குடைந்து பிட்டு, அதாவது துளை போடுகிற முனை, தேய்ந்துபோகும். புது பிட்டு தார் எஸ் சலாமில் வந்து இறங்கும். இரண்டுக்கும் நடுவில் 830 கிலோமீட்டர். ஒரு பட்டன் பிட்டு இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பிட்டு, ஒரு பெட்டி சீல், எல்லாம் சேர்ந்தால் ஐம்பது கிலோ.

விமானத்தில் போகலாமே என்று தோன்றும். ம்பேயாவுக்குப் பக்கத்தில் 2012-லேயே புது விமான நிலையம் வந்துவிட்டது. ஐம்பது கிலோவுக்கு லக்கேஜ் காசு உங்க அப்பனா கட்டுவான் என்பது முதலாளியின் கேள்வி. சரி, பார்சலாகப் போட்டுவிடலாம் என்று ஒருமுறை போட்டோம். பிட்டு ஜாம்பியா எல்லைவரை போய் ஊர் சுற்றிவிட்டு ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் நான்தான் பார்சல்.

மொத்தம் முப்பது தடவையாவது போயிருப்பேன். நன்றாகப் போனால் பதிமூன்று மணி நேரம். மோசமாகப் போனால் என்ன கணக்கு என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அந்தச் சாலையே ஒரு அவசரத்தில் பிறந்தது. 1965-ல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு தானாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டதும், கடலே இல்லாத ஜாம்பியாவின் தாமிரத்துக்குத் தெற்கு வழி சிக்கலாகிவிட்டது. தார் எஸ் சலாம் துறைமுகம்தான் கதி. அப்போது இருந்ததோ மண் சாலை. மழைக்காலத்தில் டேங்கர் லாரிகள் சரிந்து சரிந்து அதற்கு 'நரக ஓட்டம்' என்றே பேர் விழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் தார் போட்டு முடித்தார்கள். அதே சமயத்தில் சீனர்கள் 1860 கிலோமீட்டருக்கு ரயில் பாதையும் போட்டுக் கொடுத்தார்கள். இருந்தாலும் பாரம் பெரும்பாலும் சாலையில்தான். தாமிரத் தகடு ஏற்றிய லாரிகள் கிழக்கே வருகின்றன, டீசல் டேங்கர்கள் மேற்கே போகின்றன. ஊடே நம் பேருந்து.

பேருந்து பெரும்பாலும் சீன வண்டி. ஒரு பக்கம் மூன்று சீட்டு, மறுபக்கம் இரண்டு சீட்டு. ஓட்டுநர் 'டெரேவா', நடத்துநர் 'கோண்டா'. இரண்டும் இங்கிலீஷ் வார்த்தைகள்தான், வாயில் போட்டுக் கரைத்துவிட்டார்கள். நம்மூர்ப் பக்கத்து வார்த்தைகளும் அங்கே நிறைய உலவுகின்றன. வண்டி 'காரி', கடை 'துகா', லட்சம் 'லாக்கி', ஆட்டோவுக்குப் பேரே 'பஜாஜி'. டி.வி.எஸ் ஆட்டோவாக இருந்தாலும் பஜாஜிதான்.

சீட்டு பிடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. சென்னையிலிருந்து சேலம் வரும்போது எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று பார்த்து உட்கார்ந்து பழகியவன். மேற்கே போகும் வண்டியில் இடப்பக்கம் காயும், வலப்பக்கம் நிழல். அதே கணக்கில் ஜூன் மாதம் ஒருநாள் வலப்பக்க ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிவரை வெயில் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வந்துவிட்டால் ஜூனில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். பாடமாகத் தெரிவது வேறு, வலது கை தோலுரிந்து தெரிவது வேறு.

உபுங்கோவை விட்டு வண்டி கிளம்பியதும் முதல் ஒரு மணி நேரம் மருந்துக்காரருடையது. எழுந்து நின்று, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, ஒரு ஜெபமும் சொல்லி, பிறகு பையிலிருந்து ஒரு பொடியை எடுப்பார். பல்வலி, வயிற்றுப்புண், முதுகுவலி, மற்றும் ஆண்களுக்கான விஷயங்கள், எல்லாவற்றுக்கும் அதே பொடி. சலின்ஸே வருவதற்குள் விற்றுவிட்டு இறங்கிக்கொள்வார். அப்புறம் டிவியில் பாட்டு. அப்புறம் கோண்டா ஆளுக்கொரு சோடாவும் மிட்டாயும் கொடுப்பார். மொரோகோரோ தாண்டினால் மிகூமி தேசியப் பூங்கா. நெடுஞ்சாலை அதன் நடுவிலேயே சுமார் 50 கிலோமீட்டர் போகிறது. எந்த மிருகத்தை இடித்தால் எவ்வளவு அபராதம் என்று படம் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். முதல் தடவை ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து எழுந்து நின்றேன். வண்டியில் வேறு யாரும் நிமிரவில்லை. பத்தாவது தடவை நானும் தூங்கிக்கொண்டு போனேன்.

நிற்க வேண்டிய காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. 'மிசானி' என்கிற எடைமேடையில் லாரிகளோடு பேருந்தும் வரிசையில் நின்று ஏறி இறங்க வேண்டும். வெள்ளை உடுப்புப் போட்ட போக்குவரத்துப் போலீஸ் கை காட்டும் இடங்கள் எண்ணிக்கையில் அடங்காது. ஊர் வந்தால் வேகம் ஐம்பதுக்கு இறங்க வேண்டும், ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் இதற்கெல்லாம் பல்லைக் கடித்தேன். பிறகு ஒருவர் மாஃபிங்கா பக்கத்தில் சாலையோரம் ஓர் இடத்தைக் காட்டினார். 2015 மார்ச்சில் கன்டெய்னர் லாரி ஒன்று பேருந்து மேல் சாய்ந்து 40 பேருக்கு மேல் செத்துப்போன இடம். அதற்கப்புறம் போலீஸ் கை காட்டினால் நான் வாய் திறப்பதில்லை.

'குச்சிம்பா தாவா' என்று ஒன்று உண்டு. 'மருந்து தோண்டுவது' என்று அர்த்தம். மூலிகை வேர் எடுக்கக் காட்டுக்குள் போவது போலப் போவதால் அந்தப் பேர். வண்டியை ஓரம் கட்டி கோண்டா குரல் கொடுத்தால், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், புதருக்குள் போய் மருந்து தோண்டிவிட்டு வருவார்கள். ஐந்து நிமிஷம். நம்மூரில் 'ஒதுங்குவது' என்கிறோமே, அந்த நாசூக்குத்தான்.

இவ்வளவும் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: எப்போது போய்ச் சேருவோம் என்பது. நான் வாயைத் திறந்தாலே அந்தக் கேள்விதான் வரும். "எத்தனை மணிக்குப் போகும்?" கோண்டா சொல்வார், "துதாஃபிகா." போய்ச் சேருவோம். "இன்னும் எவ்வளவு தூரம்?" "பாடோ கிடோகோ." இன்னும் கொஞ்சம். இந்த 'பாடோ' ஒரு விசேஷமான வார்த்தை. 'இன்னும் இல்லை' என்று பொருள். கல்யாணம் ஆயிற்றா என்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை, பாடோ. ஐம்பது வயதுப் பிரம்மச்சாரியும் பாடோதான். நாமும் 'இன்னும் ஆகலைங்க' என்றுதானே சொல்கிறோம். ஒரேயடியாகக் கதவைச் சாத்துவதில்லை.

2018 ஏப்ரல். 'மசிகா' என்கிற பெருமழைக் காலம். பக்கத்துச் சீட்டில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. நான் "ஷிகாமூ" என்றேன், அவர் "மரஹபா" என்றார். பெரியவர்களைப் பார்த்தால் சொல்ல வேண்டிய வணக்கமும் அவர்கள் தரும் பதிலும். இதைச் சொல்லத் தெரிந்த இந்தியன் என்றாலே அங்கே பாதி மரியாதை கூடும். அவர் மடியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. பெயின்ட் வந்த வாளி, பச்சை மூடி, பக்கவாட்டில் பெயின்ட் கம்பெனியின் பேர் பாதி உரிந்திருந்தது. சாவுக்குப் போகிறேன் என்றார். அண்ணன். மகாம்பாகோ பக்கத்துக் கிராமம். நாளைக் காலை நாலு மணிக்கு அடக்கம். நம் பத்து மணி.

பிற்பகலில் ருவாஹா ம்புயூனி. 'பெருக்க மரத்தடி' என்று அந்த ஊர்ப் பேருக்கு அர்த்தம், சுற்றிலும் பெருக்க மரங்கள். பேருந்து நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் வெங்காயச் சாக்கு தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிடோங்கா மலையேற்றம். வளைவுகளை எண்ணினால் எங்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கிடோங்கா ஒன்றுமே இல்லை. ஆனால் கொல்லிமலையில் தாமிரம் ஏற்றிய டிரெய்லர் ஏறி இறங்குவதில்லை. கிடோங்காவில் ஒரு டிரெய்லர் குறுக்கே படுத்தால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பக்கத்தில் சுற்று வழி கிடையாது. ஒரு தேசத்தின் தென்மேற்கு மொத்தமும் நிற்கும்.

அன்றைக்குப் படுத்துவிட்டது. மாலை நாலு மணிக்கு எங்கள் வண்டி வரிசையின் வாலில் போய் நின்றது. சாலையில் ஒடித்துப் போட்ட மரக்கிளைகள். முன்னால் வண்டி நிற்கிறது என்பதற்கு நம்மூரில் போடுகிற அதே இலை தழை அடையாளம். டெரேவா இன்ஜினை அணைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். செருப்பைக் கழற்றியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆறு மணிக்குப் பாடோ. எட்டு மணிக்குப் பாடோ. கிரேன் இரிங்காவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். கிரேன் வந்துவிட்டது என்றார்கள். வந்தது வேறு ஏதோ என்றார்கள். எனக்குத் தெரிந்தவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தண்ணீர் பாட்டில் 500 ஷில்லிங்கிலிருந்து 1000 ஆகி, பத்து மணிக்குத் தீர்ந்தே போனது. போனில் சார்ஜ் பதினோரு சதவீதம்.

ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டு வருகிற நம்மாட்கள் பலர் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்: அவங்களுக்கு நேரமெல்லாம் பொருட்டே இல்லீங்க, சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. நானும் ஊருக்குப் போன் பேசும்போது அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு அந்த அம்மா எழுந்து நின்று கோண்டாவைப் பிடித்துக் கிழித்த கிழியைக் கேட்டிருந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் சுவாஹிலிக்கு எட்டிய அளவில்: மழைக்காலம் என்று தெரியாதா, மிகூமியிலேயே சேதி வந்திருக்குமே, ஏன் மொரோகோரோவில் ஒரு மணி நேரம் சும்மா நிறுத்தினாய், என் அண்ணன் பெட்டியில் கிடக்கிறான். மறுநாள் ம்பேயாவில் பரீட்சை என்று ஒரு மாணவன் சேர்ந்துகொண்டான். வண்டி கூரையில் தக்காளிக் கூடைகள் வைத்திருந்தவர் கூடையைப் பற்றிப் பேசினார். கோண்டாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "போலே, மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். போலே என்றால் 'வருந்துகிறேன்'. மாமா என்றால் அம்மா. அவன் கிரேனா கொண்டுவர முடியும்?

திட்டி முடித்ததும் அந்த அம்மா உட்கார்ந்தார். ஒரு பெருமூச்சு. பிறகு வாளியின் மூடியைத் திறந்தார்.

உள்ளே இருந்தவற்றை நான் இன்னும் வரிசையாகச் சொல்வேன். மேலே மடித்த கங்கா துணி இரண்டு. அதன் கீழ் ஒன்றரை லிட்டர் தண்ணீர், முழுசாக. காகிதத்தில் சுற்றிய சப்பாத்தி. ஆறு அவித்த முட்டை, பொட்டலத்தில் உப்பு. சின்ன டார்ச். டிஷ்யூ ரோல். பட்டன் போன் ஒன்று, கூடவே தனியாக ஒரு பேட்டரி. அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கு யாரும் இவ்வளவு கட்டிக்கொண்டு வர மாட்டார்கள். ஒரு ராத்திரி சாலையில் போகும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக் கட்டியது. நான் கொண்டுவந்ததோ ஒரு பிஸ்கட் பாக்கெட், 'எத்தனை மணிக்குப் போகும்' என்ற கேள்வி. கோபமும் அவருக்கு இருந்தது, வாளியும் இருந்தது. எனக்குக் கோபம் மட்டும்தான்.

எனக்கு இரண்டு முட்டை கொடுத்தார். வேண்டாம் என்று மரியாதைக்குச் சொன்னேன். "நீ சாப்பிடாவிட்டால் வண்டி சீக்கிரம் போகுமா?" என்றார்.

அப்புறம் கீழே இறங்கினோம். வெள்ளம் வடிந்த மண்வாசனை, டீசல் வாசனை, கொசு. கண்ணுக்கெட்டியவரை லாரிகளின் சிவப்பு விளக்குகள் மலை மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன, நகராமல். அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார், கங்காவைப் போர்த்திக்கொண்டார். இரண்டு லாரிக்காரர்கள் அடுப்பு மூட்டி உகாலி கிண்டிக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோள மாவுக் களி. அதற்குப் பீன்ஸ் குழம்பு. கடந்து போனவனை "கரீபு" என்றார்கள். சாப்பிடுகிறவர்கள் கண்ணில் பட்டவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பது அங்கேயும் வழக்கம். நான் வெட்கப்படாமல் உட்கார்ந்தேன். ஒருவர் காங்கோவின் லுபும்பாஷியிலிருந்து வருவதாகச் சொன்னார். இறக்கத்தில் அந்தப் பக்கம் நிற்க வேண்டியவர் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டேன். துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறாராம். வீட்டை விட்டு வந்து ஒரு மாசம் ஆகிறது என்றார். பதினொரு சதவீத போனைப் பற்றி அவரிடம் புலம்பவில்லை.

நடுநிசிக்கு மேல் இன்னொரு பயம் வந்தது. அந்தக் காலத்தில் ராத்திரிப் பேருந்துக்குத் தடை. விபத்துக்கும் வழிப்பறிக்கும் பயந்து 1990-களில் கொண்டுவந்தது, 2023-ல்தான் எடுத்தார்கள். ஆகவே இரண்டு மணிக்கு வழி திறந்தாலும் விடியும்வரை நகர விடமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தொல்லையை எங்களுக்கு யாரும் வைக்கவில்லை. வழி திறந்ததே அதிகாலை நாலரைக்குத்தான். வரிசையில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு வந்த சத்தம் மலை மேலிருந்து எங்களை நோக்கி இறங்கி வந்தது. டெரேவா செருப்பைத் தேடினார்.

வளைவில் அந்த டிரெய்லரைக் கடந்தோம். ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள், பக்கவாட்டில் படுத்திருந்தது. ஓட்டுநர் பிழைத்துக்கொண்டாரா என்று கோண்டாவைக் கேட்டேன். பிழைத்துக்கொண்டார். கால்தான்.

மகாம்பாகோவில் நிற்கும்போது பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. அங்கிருந்து கிராமத்துக்கு இன்னும் போக வேண்டும். அம்மா இறங்குவதற்கு முன் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கங்காவை இடுப்பில், ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, போடாபோடா என்கிற வாடகை பைக்கின் பின்னால் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் வாளி. காய்ந்த முட்டைத் தோடு ஒன்று என் சீட்டுக்கடியில் ம்பேயாவரை வந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் போன் அடித்தது. கோண்டாவின் கேபினில் கெஞ்சி ஏற்றிய சார்ஜ். "உமேஃபிகா?" போய்ச் சேர்ந்துவிட்டாயா?

"பாடோ," என்றேன். "அடக்கம் ஆயிற்றா அம்மா?"

"பாடோ. எனக்காக எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். இப்போதுதான் எடுக்கிறோம்." பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

ம்பேயாவில் இறங்கும்போது மணி ஒன்று. கிளம்பி 31 மணி நேரம். மலைமேல் ஊர், குளிர் வேறு. சாக்கு இரண்டையும் ஒரு பஜாஜியில் போட்டு, அப்புறம் ஒரு பிக்கப்பில் போட்டு, ரிக் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி ஆகிவிட்டது. காவல்காரர் என்னைப் பார்த்ததும் "போலே நா சஃபாரி" என்றார். பயணம் பண்ணி வந்தவரிடம் வருத்தம் தெரிவிப்பது அங்கே வழக்கம்.

தூரத்திலேயே கம்ப்ரசர் சத்தம் கேட்டது. புகை மாதிரி கல் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. டிரில்லர் அண்ணன் முகத்துத் துணியைக் கீழே இறக்கிவிட்டு வந்தார். நாமக்கல்காரர்.

"வா கண்ணு. சாப்டியா?"

"ரிக் ஓடுதேண்ணா?"

"அதா, நேத்தே நம்மூரு ஆளுக வண்டி ஒண்ணு தெக்க போச்சு. அவிங்ககிட்ட ஒரு பிட்டு கைமாத்தா வாங்கி மாட்டிட்டேன்." சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். "இது அடுத்த வாரத்துக்கு ஆவும். அந்த ஓரமா வெய்யி."

அடுத்த தடவை தார் எஸ் சலாம் போனபோது கரியாகூ சந்தையில் ஒரு பெயின்ட் வாளி வாங்கினேன். பத்து லிட்டர், மூடியோடு.